தொற்றுநோய்ச் சிகிச்சை: பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்றுத்தருவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சல் நோயாளியின் படுக்கையருகே ரவுண்ட்ஸ் நின்றதும் மூத்த மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "என்ன ஆன்டிபயாட்டிக் போகிறது?" என்பதுதான். பல தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. தொற்று எந்த உறுப்பில், எந்தக் கிருமியாக இருக்கலாம், எதை வைத்து அப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பழக்கினால் மருந்தின் பெயர் தானாக வந்து சேரும். மருந்தை முதலில் கேட்டால், எல்லாவற்றுக்கும் "மெரோபெனம்" என்று ஒரு வலுவான ஆன்டிபயாட்டிக்கைச் சொல்லித் தப்பிக்கவே இளையவர் கற்றுக்கொள்வார்.

ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுப்பதை யாரும் பொறுமையாகச் சொல்லித்தருவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் ரத்தம் வேண்டும். இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு செட் (செட்டுக்கு இரண்டு பாட்டில்) எடுக்க வேண்டும். ரத்தம் குறையக் குறையக் கிருமி பிடிபடும் வாய்ப்பும் குறையும். ஒரு பாட்டிலில் 3 மில்லிலிட்டர் மட்டும் அனுப்பிவிட்டு, "வளர்ச்சி இல்லை" என்ற ரிப்போர்ட்டை நம்பித் தொற்றே இல்லை என்று முடிவு செய்வது பெரும் ஆபத்து. முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சர் எடுக்க வேண்டும் என்பது சரி. ஆனால் செப்டிக் ஷாக்கில் (தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தாக வீழ்ந்த நிலையில்) இருப்பவருக்கு அதற்காக மருந்து தாமதமாகக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகவே கற்பியுங்கள்.

அடுத்தது, நோயாளியை விட்டுவிட்டு ரிப்போர்ட்டுக்குச் சிகிச்சை தருவது. அறிகுறி எதுவும் இல்லாதவரின் சிறுநீரில் பாக்டீரியா வளர்ந்தால், கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதையில் அறுவைச் சிகிச்சை செய்யவிருப்பவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மருந்து தேவையில்லை. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) பையிலிருந்து மாதிரி எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பே இல்லை. சளியில் வளரும் கேண்டிடா என்ற பூஞ்சை கிட்டத்தட்ட எப்போதும் நோய்க்குக் காரணம் அல்ல; அதே கேண்டிடா ரத்தத்தில் வளர்ந்தால் ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது. நான்கு பாட்டில்களில் ஒன்றில் மட்டும் தோலில் வாழும் சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸ் (ஆரியஸ் அல்லாத வகை) வளர்ந்தால், அது பெரும்பாலும் ஊசி குத்தும்போது கலந்தது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தாலும் அதை நிஜத் தொற்றாகவே எடுத்துக்கொண்டு, மறுபடி கல்ச்சர் அனுப்பி, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, தொற்றின் மூலத்தைத் தேட வேண்டும். இந்த வேறுபாட்டை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, வாரம் ஒரு நாள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் கிருமி வளர்ந்த உண்மையான தட்டுகளைக் காட்டுவது எனக்குச் சிறந்த வழியாகத் தெரிகிறது.

மருந்தைத் தொடங்கக் கற்றுத்தருகிறோம், நிறுத்தக் கற்றுத்தருவதில்லை. இரவுப் பணியில் தொடங்கியவர் காலையில் போய்விடுகிறார். பகலில் வந்தவர் தொடவே தயங்குகிறார். எதற்காகத் தொடங்கினோம், எப்போது மறுபரிசீலனை என்ற இரண்டையும் கேஸ் ஷீட்டில் எழுதாமல் முதல் டோஸ் போகக் கூடாது. 48 முதல் 72 மணி நேரத்தில் கல்ச்சர் முடிவைப் பார்த்துக் குறைப்பதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். மருத்துவமனைக்கு வெளியே பிடித்த நிமோனியாவில் நோயாளி நன்றாகத் தேறிவந்தால் 5 நாள் போதும். ஆரியஸ் ரத்தத் தொற்றுக்குக் குறைந்தது 14 நாள் வேண்டும். அங்கே அவசரப்பட்டு நிறுத்துவது உயிரைப் பறிக்கும். வடிக்க வேண்டிய சீழ் உள்ளேயே இருந்தால் எத்தனை நாள் மருந்து கொடுத்தும் பயனில்லை.

சிறுநீரகம் பழுதானவருக்கு முதல் டோஸையே குறைப்பது, "பென்சிலின் ஒவ்வாமை" என்று எழுதியிருப்பதைக் கேள்வி கேட்காமல் நம்புவது ஆகியவையும் அடிக்கடி நடக்கும் தவறுகள். பென்சிலின் எடுத்தபோது என்ன நேர்ந்தது என்று கேட்டாலே அப்படி எழுதப்பட்டவர்களில் பலருக்கு உண்மையான ஒவ்வாமை இல்லை என்பது தெரியவரும்.

கைச்சுத்தம் பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும், மூத்தவர் கை கழுவாமல் அடுத்த படுக்கைக்குப் போனால் இளையவரும் அதையே செய்வார். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பாக்டீரியாவின் ஸ்போர்களை (தடித்த உறை கொண்ட வித்துகளை) ஆல்கஹால் திரவம் கொல்லாது. அந்த நோயாளியைத் தொட்டபின் சோப்பும் தண்ணீரும்தான்.

இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்த பயிற்சி மருத்துவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை கடிந்தால் அடுத்த முறை அவர் அழைக்க மாட்டார். கையில் இருப்பதில் மிக வலுவான மருந்தை எழுதிவிடுவார். மதிப்பீட்டின்போது, சரியான காரணத்தோடு அவர் நிறுத்திய மருந்துகளுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.