இன்டர்வியூவில் நடந்ததைச் சொல்லுங்கள்

மதுரைப் பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் 22 வருடம் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம், ஆள் எடுக்கும்போதெல்லாம் கேள்வி கேட்கிற பக்கம் என்னையும் உட்கார வைத்தார்கள். இப்போது திருமங்கலத்தில் வீட்டோடு இருக்கிறேன். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் முதல் நாள் சாயங்காலம் வந்து, "அத்தை, ஒரு தடவை கேள்வி கேட்டுப் பாருங்க" என்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க." எங்கே போனாலும் முதலில் இதுதான் வரும். பிள்ளைகள் பெரும்பாலும் பெயர், அப்பா பெயர், ஊர், படிப்பு என்று ஆரம்பித்து, "நான் கடின உழைப்பாளி, எதையும் சீக்கிரம் கத்துக்குவேன்" என்று முடிப்பார்கள். பெயரும் படிப்பும் எங்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. கடின உழைப்பாளி என்று உங்களுக்கு முன்னால் வந்த பையனும் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பான்.

போன வருடம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மெக்கானிக்கல் டிப்ளமோ. படிப்பு முடிந்து எட்டு மாதம் என்ன செய்தாய் என்றேன். "சும்மாதான் அத்தை, வீட்ல இருந்தேன்" என்றாள். மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். வீட்டில் அரை ஏக்கர் மல்லிகை. விடிவதற்கு முன் மொட்டு எடுத்து, விரிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். எடை போட்டு நோட்டில் எழுதுவதும், திரும்பி வருகிற மண்டிச் சீட்டைச் சரிபார்ப்பதும் இவள் பொறுப்பு. 5 கிலோ அனுப்பினால் சீட்டில் 200 கிராம் குறைகிறது, அதுவும் தினமும். அப்பா மண்டிக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பிவிட்டார். இவள்தான், "இருங்கப்பா" என்று நிறுத்தி, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறாள். 1,040 கிராம் காட்டியது. தப்பு வீட்டுத் தராசில்!

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அளக்கிற கருவியையே சந்தேகப்பட்டுச் சோதிப்பதற்கு எங்கள் தொழிலில் கேலிப்ரேஷன் என்று பெயர். அதை யாரும் சொல்லித் தராமல் செய்துவிட்டு, "சும்மா இருந்தேன்" என்கிறாள். அன்று ராத்திரியே அவளுடைய பதிலை மாற்றினோம். "டிப்ளமோ முடித்து எட்டு மாதமாக எங்கள் மல்லிகைத் தோட்டத்தின் எடைக் கணக்கைப் பார்க்கிறேன். தினமும் 200 கிராம் வித்தியாசம் வந்தது, தராசில்தான் பிழை என்று இப்படிக் கண்டுபிடித்தேன். அளந்து பார்க்கிற வேலை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறேன்." ஒரு நிமிடம்கூட ஆகாது.

நீங்களும் இப்படித்தான் தேட வேண்டும். பொறுப்பானவன் என்று சொல்லாமல், பொறுப்பாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். அதில் இடம் இருக்கட்டும், அளவு இருக்கட்டும், கடைசியில் என்ன ஆனது என்பதும் இருக்கட்டும். கல்யாண வீட்டுப் பந்தியைக் கவனித்ததோ, மாமா கடையில் கல்லாவில் உட்கார்ந்ததோ எதுவானாலும் சரி. போவதற்கு முன் இப்படி நான்கு சம்பவங்களை நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு அந்த நான்கிலேயே பதில் கிடைக்கும். உங்கள் பலவீனம் என்ன என்ற கேள்விக்கும் அப்படியே. உண்மையான ஒன்றைச் சொல்லி, அதைச் சமாளிக்க இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாடக் கேள்வியில் தெரியாததற்கு உளறாதீர்கள். "வெர்னியரில் குறைந்தபட்சம் எவ்வளவு அளக்கலாம்?" என்று நான் வழக்கமாகக் கேட்பேன். வெர்னியர் என்பது நுணுக்கமாக நீளம் அளக்கிற கருவி. பள்ளிக்கூட லேபில் பார்த்தது 0.1 மில்லிமீட்டர், எங்கள் மேசையில் கிடப்பது 0.02. ஒரு பையன், "எனக்குத் தெரிஞ்சது ஸ்கூல்ல பார்த்த 0.1 தான் மேடம். இங்க இருக்கிறதைக் கொடுத்தா கோடுகளை எண்ணிப் பார்த்துச் சொல்றேன்" என்றான். கொடுத்தோம், எண்ணினான், சரியாகச் சொன்னான். எடுத்துக்கொண்டோம். தெரிந்த இடம் வரை சொல்லிவிட்டு, மீதியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சொன்னால் போதும்.

இங்கிலீஷ் வராது என்று பயப்படுகிறவர்கள் ஆரம்பத்திலேயே, "தமிழில் சொல்லலாமா சார்?" என்று கேட்டுவிடுங்கள். ஷாப் ஃப்ளோர், அதாவது மெஷின் ஓடுகிற இடத்து வேலைக்கு நாங்கள் யாருமே மறுத்ததில்லை. அரியர் இருந்தால் எத்தனை, எப்போது முடித்தீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலில் எப்படியும் தெரியும்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. என் முதல் இன்டர்வியூவில், "கல்யாணம் ஆனா வேலையை விட்டுருவியாமா?" என்று கேட்டார்கள். எனக்கு வாயே வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி தப்பு. ஆனாலும் இன்றைக்கும் கேட்கிறார்கள், அதனால் பதில் கையில் இருக்கட்டும். "இந்த வேலையைத் தொடர்ந்து பார்க்கத்தான் சார் வந்திருக்கேன். காலை ஷிப்டுக்கு எந்த பஸ்ல வரணும்னுகூடப் பார்த்துட்டேன்." குரலை உயர்த்தாமல் இவ்வளவு சொன்னால் பேச்சு மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால், "நீங்க பார்த்துக் குடுங்க சார்" என்று சொல்லாதீர்கள். அதே வேலையில் இருக்கிற இரண்டு பேரிடம் முன்கூட்டியே விசாரித்து ஒரு தொகையைச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிற சிடிசி என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்கிற மொத்தச் செலவு, அதுவும் கைக்கு வருவதும் ஒன்றில்லை. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 12,000 என்றால் பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடிப்பார்கள். கம்பெனி போடுகிற அதே 1,440-ஐயும் சிடிசியில் சேர்த்துக் காட்டுவது வழக்கம். மருத்துவக் காப்பீட்டுக்கான இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் வேறு போகும். "பிடித்தம் போக மாசம் கையில எவ்வளவு வரும் சார்?" என்று தயங்காமல் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியில், "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். ஒன்றுமில்லை என்று எழுந்துவிடாதீர்கள். முதல் மாதம் யாரிடம் வேலை பழக வேண்டும், எந்த மெஷினில் போடுவீர்கள் என்று கேட்கலாம். உசிலம்பட்டிப் பெண், "இங்க இருக்கிற தராசையெல்லாம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை சரிபார்க்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளைக் கூட்டிப்போய் தராசைக் காட்டியிருக்கிறார்கள்.