ஏற்காடு ஏறும்போது கண்ணாடி மங்குதா? ஏசிய ஆஃப் பண்ணாதீங்க

மார்கழில ஏற்காடு ஏறுறவங்க நெறைய பேரு பண்றது இதுதான், அடிவாரம் தாண்டி நாலஞ்சு பெண்டு ஏறுனதும் சில்லுனு இருக்கேன்னு ஏசிய ஆஃப் பண்ணிட்டு கண்ணாடிய ஃபுல்லா ஏத்தி விட்டுர்றது. உள்ள அஞ்சு பேரு மூச்சு விட விட முன்கண்ணாடி மொத்தமா மங்கிடும். நானும் அப்படி ஒரு தடவ மாட்னேன், பக்கத்துல இருந்த மச்சான் துண்டால தொடைக்கிறாரு, தொடச்ச கோடு மட்டும் தெரியுது, மறு நிமிஷம் அதுவும் போச்சு, எதுத்தாப்ல பஸ் ஹாரன் மட்டும் கேக்குது. பின்னாடி இருந்து அம்மா "ஓரமா நிறுத்துறா சாமி"ன்னாங்க, நிறுத்திட்டேன்.

மங்குனா மொதல்ல கண்ணாடிய உள்பக்கமா விரலால ஒரு இழு இழுத்துப் பாருங்க. கோடு விழுந்தா ஈரம் உள்ள இருக்கு. விழலைன்னா வெளிய. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, இது தெரியாமத்தான் எல்லாரும் எல்லா பட்டனையும் அமுக்குறோம்.

உள்ளன்னா, காத்த முன்கண்ணாடிக்கு திருப்புங்க (விசிறி மாதிரி வளைஞ்ச கட்டத்துல மேல போற அம்பு போட்ட படம்), ப்ளோயர ஏத்துங்க, ஏசிய ஆன் பண்ணுங்க, டெம்பரேச்சர் நாப்ப சிவப்பு பக்கம் திருப்புங்க. ஏசியும் ஹீட்டரும் ஒண்ணாவான்னு கேப்பீங்க, ஆமா ஒண்ணாதான். ஏசி குளுர மட்டும் குடுக்குறதில்ல, உள்ள இருக்குற கூலிங் காயில்ல காத்துல உள்ள ஈரம் தண்ணியா படிஞ்சு வண்டிக்கு அடியில சொட்டிடும், அப்படி காஞ்ச காத்த ஹீட்டர் சூடாக்கி கண்ணாடில அடிக்கும்போது சீக்கிரம் தெளிஞ்சிடும். இன்னொன்னு, காருக்குள்ள வட்டம் போடுற அம்பு படத்த, அதான் ரீசர்குலேஷன், கண்டிப்பா ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா நம்ம மூச்சு ஈரமே திரும்பத் திரும்ப சுத்தும். கையால தொடைக்காதீங்க, எண்ணெப் பிசுக்கு ஒட்டி ராத்திரி எதிர் வண்டி லைட் பட்டா கண்ணு கூசும்.

ஹீட்டருக்கு தனியா டீசல் செலவாகாது, இன்ஜின் கூலன்ட் (இன்ஜின ஆத்துறதுக்கு சுத்துற தண்ணி) சூட்டத்தான் அது எடுத்துக்குது. அதனாலதான் காலைல லாட்ஜ்ல வண்டிய எடுத்ததும் ஹீட்டர் போட்டா சூடு வராது, கொஞ்ச நேரம் பொறுக்கணும். இதே வேலைய ஏறும்போது இன்ஜின் சூடு முள்ளு மேல போனா அவசரத்துக்கு யூஸ் பண்ணலாம், ஏசிய ஆஃப் பண்ணி ஹீட்டர ஃபுல்லா வச்சா இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ள எறங்கும், வேர்த்துக் கொட்டும்தான், பரவால்ல, அப்படியே எடம் பாத்து ஓரங்கட்டுங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய மட்டும் தொறக்கக்கூடாது.

பின்கண்ணாடில சன்னமா கோடு கோடா இருக்கே, அது கரன்ட்ல சூடாகுற கம்பி. அதுக்கு செவ்வகம் போட்ட தனி பட்டன், தெளிஞ்சதும் ஆஃப். அந்த கோட்ட சொரண்டிடாதீங்க, ஒண்ணு அறுந்தா அந்த எடம் மட்டும் மங்கலாவே நிக்கும்.

இப்ப வெளிய படியுற ஈரம். இது பெரும்பாலும் கீழ சேலத்துலதான், மழை விட்ட ராத்திரி ஏசிய ஃபுல்லா வச்சு காத்து கண்ணாடில பட்டுச்சுன்னா, ஐஸ் தண்ணி டம்ளர் வெளிய வேர்க்குற மாதிரி கண்ணாடியும் வேர்க்கும். வைப்பர் போடுங்க, காத்த கண்ணாடிலருந்து திருப்பி நெஞ்சுப் பக்கம் விடுங்க, குளுர கொறைங்க, போதும்.

ஏற்காடு கடல்மட்டத்துலருந்து 1500 மீட்டர் ஒசரம், சேலம் 300 கூட இல்ல, அதனால 20 பெண்டு எறங்குறதுக்குள்ள ஏழெட்டு டிகிரி ஏறிடும். குளுந்த கண்ணாடியோட கீழ வந்தாலும் வெளிய இப்படி வேர்க்கும், பயப்படாதீங்க, வைப்பர்தான். நாப்ப மட்டும் அடிவாரத்துலயே நீலத்துக்கு திருப்பிடுங்க, நான் மறந்துபோய் கோரிமேடு வரைக்கும் ஹீட்டரோட வந்து, ஏசி ரிப்பேர்னு மச்சான்கிட்ட பொலம்பிட்டு இருந்தேன்.