காது மெஷின் போட்ட குழந்தைக்கு ஆள் சேர்ப்பது எப்படி?

காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் பெரா டெஸ்ட் முடிந்து மெஷினும் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். குழந்தை நாள் முழுக்க நம் கண்முன்னே இருக்கப்போவதில்லை. பாட்டி வீடு, பள்ளிக்கூடம், வேன் என்று போகும். போகிற இடத்தில் எல்லாம் மெஷினைப் பற்றித் தெரிந்த ஒருவர் வேண்டும். எல்லாருக்கும் எல்லாமும் சொல்லித்தராதீர்கள், ஆளுக்கு ஒரு வேலை போதும்.

1. முதலில் யூ.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை. அப்புறம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து காதுக்குள் வைக்கும் கருவி) தேவை என்றால் தள்ளிப்போடவே கூடாது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் அது.

2. ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்பதைச் சோதித்து மெஷினைச் சரிசெய்து தருபவர். பெரிய பெயரைவிடப் பக்கத்தில் இருப்பவரே மேல் என்பது என் கட்சி. காது வளர வளர மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு) லூசாகி மெஷின் கீச்சென்று கத்தும், அப்போதெல்லாம் புது மோல்டுக்கு ஓட வேண்டும்.

3. வீடு. பேட்டரியைத் தாத்தாவிடம் கொடுங்கள். ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போடச் சொல்லுங்கள், பழையதை எண்ணித் திரும்ப வாங்கிவிடுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிதான்.

காலையில் மெஷின் போட்டதும், அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகள். வாயைப் பார்க்கவிடாமல் பின்னால் உட்கார்ந்து சொல்லுங்கள், கேட்டால் குழந்தை கிண்ணத்தில் ஒரு பாசிமணியைப் போட வேண்டும். ம் தாழ்ந்த சுருதி ஒலி, ஸ் உச்சத்தில் இருப்பது. பேச்சு மொத்தமும் ஏறக்குறைய இந்த இரண்டுக்கும் நடுவில் அடங்கிவிடும். நேற்றுக் கேட்ட ஸ் இன்று கேட்கவில்லையா, மோல்டில் அழுக்கு, குழாயில் ஈரம், பேட்டரி என்று வரிசையாகப் பாருங்கள்.

4. கிளாஸ் டீச்சர். எனக்கு இழுத்தடித்தது இதுதான். "முன் பெஞ்சில் உட்கார வைங்க மிஸ்" என்றால் சரி என்பார்கள், உட்காரவும் வைப்பார்கள், ஆனால் அது மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும், அல்லது நன்றாகக் கேட்கிற காது சுவரைப் பார்த்து இருக்கும். போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினால் முன் பெஞ்சும் வீண். மெஷினுக்குத் தூரமும் இரைச்சலும்தான் எதிரி, அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அதனால் வாயால் சொல்வதோடு விடாமல் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தக் காது, எந்த இடம், திரும்பி நின்று பேசுங்கள், "புரிஞ்சுதா?" என்று கேட்காமல் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் (புரிஞ்சுதா என்றால் எல்லாக் குழந்தையும் தலையாட்டும்). ஜூன் மாதம் டீச்சர் மாறுவார், தாளைப் புதுப்பித்து மறுபடி கொடுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் ஒருமுறை வகுப்புக்கு வரச் சொல்லிக் கேளுங்கள், நாம் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும்.

5. மற்ற பெற்றோர். ஸ்பீச் தெரபிக்குக் காத்திருக்கும் பெஞ்சிலேயே நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்கள் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியான அடையாறு பாலவித்யாலயாவைப் போய்ப் பாருங்கள், 1969 முதல் சின்னக் குழந்தைகளுக்கு அம்மாவையும் கூட வைத்துக்கொண்டே பாடம் நடத்துகிறார்கள். காது கேளாத பெரியவர்கள் ஒன்றிரண்டு பேரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சைகை கற்றால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள், நான் அதைக் கேட்பதில்லை.

பின்சேர்க்கை: வேன் டிரைவரைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். பின்னாலிருந்து கூப்பிடாமல் தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டும், மழை வந்தால் மெஷினைக் கழற்றிச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. டப்பா ஸ்கூல் பையின் முன் ஜிப்பில் இருக்கட்டும்.