ஆராய்ச்சி நிதி கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி ஆசிரியர் மட்டி வாழையின் வாடல் நோயைப் பற்றி ஆராய விரும்புகிறார் என்று வையுங்கள். விண்ணப்பத்துக்கு அவர் வைக்கும் தலைப்பு, 'குமரி மாவட்ட வாழையில் வாடல் நோயை ஒழித்தல்'. அதைப் படித்ததுமே மதிப்பீட்டாளர் சலித்துப்போவார். மூன்று ஆண்டில் ஒழிகிற நோயா அது? 'இளம் ரப்பருக்கு ஊடே வளரும் மட்டிக்கும் தனித்தோட்ட மட்டிக்கும் மண்ணில், வாடல் நோயைக் கொண்டுவரும் ஃபுசேரியம் பூஞ்சையின் அளவு வேறுபடுகிறதா?' என்று கேட்டால் அதை அளந்து பார்க்கலாம். 'வேறுபாடு இல்லை' என்று முடிவு வந்தாலும் அதுவும் ஒரு விடைதான். லாபம் வருமா என்று தெரியாத இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தனியார் பணம் போடத் தயங்குவதால்தான் அரசு போடுகிறது.

அடுத்த தவறு, கதவு மாறித் தட்டுவது. அடிப்படை ஆய்வுக்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த இது, பழைய 'செர்ப்' என்ற அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் பணிகளை ஏற்றுக்கொண்டது. விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் ஒரு கல்வி அல்லது ஆய்வு நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். உயிரித் தொழில்நுட்பத்தில் பொருளாக்கும் யோசனை இருந்தால் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப நிறுவனமான பைராக்கின் 'பிக்' நிதித் திட்டத்தைப் பார்க்கலாம். அது 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டியைத் தானே மாற்றியமைத்த விவசாயிக்கு இவை இரண்டுமே சரிப்படாது. அவர் சாதாரண மக்களின் கண்டுபிடிப்புகளுக்கு உதவும் தேசியப் புத்தாக்க நிறுவனத்தை அணுகலாம். மாணவர்களின் சிறு திட்டங்களுக்கு தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் உதவுகிறது.

பணம் கிடைத்த பிறகுதான் பலர் வசமாக மாட்டிக்கொள்கிறார்கள். நிதி தவணை தவணையாக வரும். முந்தைய தவணைப் பணம் உரிய வேலைக்குத்தான் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அடுத்தது வராது. கல்லூரிக் கணக்குப் பிரிவு அதை அனுப்பிவிடும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பணியாளர் ஊதியம், நுகர்பொருள், பயணம், கருவி என ஒவ்வொன்றும் தனிச் செலவுத் தலைப்பு. கருவியில் மிச்சமானதை எடுத்துப் பயணத்துக்குச் செலவழிக்க முன் அனுமதி வேண்டும். வங்கியில் சேர்ந்த வட்டி கல்லூரிக்குச் சொந்தமில்லை, அரசுக்குத் திரும்ப வேண்டியது. வாங்கிய கருவியையும் அனுமதியில்லாமல் விற்க முடியாது. முதல் நாளே ஒரு பதிவேடு திறந்து பில்களைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். கடைசி மாதத்தில் உட்கார்ந்து தேடினால் இராஜாக்கமங்கலம் டீக்கடை ரசீதுகூடக் கிடைக்காது (அது எந்தத் தலைப்பிலும் வராது என்பது வேறு விஷயம்).

கருவிப் பட்டியலை நீட்டுவதும் ஒரு பழக்கம். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் கருவியைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துவதாக எழுதினால் மதிப்பீட்டாளர் நம்புவார்.

அனுமதிகளைத் திட்டம் தொடங்கிய பின் தேடுவது காலத்தைத் தின்றுவிடும். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் மாதிரி எடுக்க வனத்துறையின் அனுமதியை முன்பே கேட்க வேண்டும். நம் உயிரி வளங்களை வைத்து வந்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை தேடினால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளும் உண்டு. காப்புரிமை எண்ணம் இருந்தால் முதலில் விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள், அப்புறம் கட்டுரை வெளியிடுங்கள். வரிசை மாறினால் 'இது புதிதல்ல' என்று உங்கள் கட்டுரையையே காட்டி மறுப்பார்கள்.

'நிதி வாங்கித் தருகிறேன், சதவீதம் கொடுங்கள்' என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பத்தை அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே நேரடியாக அனுப்பலாம்.