மர வேலியும் டெக்ஸ்சர் சுவரும்: ஈரம் நிற்கும் ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாடு காய்ந்த பூமி என்பது காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் சரி. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரில் இருக்கும் பொள்ளாச்சி, ஆனைமலை, சிறுவாணி அடிவாரம், கோபிப் பக்கத்து வாய்க்கால் பாசன ஊர்கள், தென்னந்தோப்புக்கு நடுவே கட்டிய பண்ணை வீடுகள் இவற்றுக்கு அந்தக் கணக்கு செல்லாது. வால்பாறையைக் கேட்கவே வேண்டாம். காய்ந்த ஊரில் பத்து வருஷம் அசையாமல் நிற்கிற வேலியையும் சுவர்ப்பூச்சையும் பார்த்துவிட்டு அதையே இந்த ஊர்களில் செய்யச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மரமானாலும் பூச்சானாலும் தண்ணீர் எப்படியாவது உள்ளே போய்விடும். நனைந்த மரம் இரண்டு நாளில் காய்ந்துவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. காய வழியில்லாமல் மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடித்து அழுகும். சுவரும் அப்படித்தான்: உள்ளே போன ஈரம் வெளியேற வழி இல்லாதபோது பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும்.

மரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்குவது

"தேக்குதானே?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் முன்பணம் கொடுப்பதுதான் முதல் தவறு. எந்த மரமானாலும் நடுவில் இருக்கும் வைரப்பகுதிக்குத்தான் தாங்கும் சக்தி உண்டு. சுற்றியுள்ள வெளுத்த பகுதியைச் செல் (கறையான்) அரிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். சீக்கிரம் வெட்டிய தோட்டத் தேக்கில் வைரம் குறைவு, வெளுப்பு அதிகம். வேம்பைச் செல் அண்டாது என்ற நம்பிக்கையும் வைரத்துக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும். பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். இரண்டு நிறம் தெரிந்தால் வெளுத்த பக்கத்தைக் கழித்துத் தரச் சொல்லுங்கள்.

பனையும் தென்னையும் இதற்கு நேர் மாறு. அவற்றில் வெளிவட்டம்தான் வைரம், நடுவில் இருப்பது சோறு. சோற்றோடு சேர்த்து அறுத்த தென்னஞ்சட்டம் விலை குறைவாகக் கிடைக்கும், ஈரத்தைப் பஞ்சு போல உறிஞ்சும். எஸ்டேட்டிலிருந்து வரும் சில்வர் ஓக் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்குச் சரி. மழையில் நனையும் வேலிக்கு ஆகாது.

கோவை, திருப்பூர் பக்கம் இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் பெட்டிகளைப் பிரித்து வேலி அடிப்பது இப்போது சகஜம். அதில் குத்தியிருக்கும் 'எச்.டி.' (HT) முத்திரையைப் பார்த்து, மருந்து ஏற்றிய மரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த முத்திரைக்குப் பொருள், ஏற்றுமதி விதிப்படி மரத்தைச் சூடாக்கி உள்ளே இருந்த பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்பது மட்டுமே. நாளை வரப்போகும் செல்லுக்கும் பூஞ்சைக்கும் அது தடையே இல்லை.

மருந்து ஏற்றிய மரம் வேண்டுமானால் அழுத்தத்தில் ஏற்றியதா என்று கேளுங்கள். மரப் பாதுகாப்புக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 401. பிரஷ்ஷில் தடவிய மருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. ஆசாரி ஒரு வெட்டு வெட்டியதும் உள்ளே மருந்து ஏறாத மரம்தான். அதனால் வெட்டிய முனைகளுக்கு மறுபடி மருந்து தடவ வேண்டும். செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த மருந்து ஏறிய துண்டுகளை விறகாக அடுப்பில் வைக்கவே கூடாது, மாட்டுத் தொட்டிப் பக்கமும் பயன்படுத்தக் கூடாது.

கம்பம் மண்ணைத் தொடும் இடம்

வேலி விழுவது பெரும்பாலும் இங்கேதான். மண்ணுக்குள் ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் குறைவு. மண் மட்டத்துக்கு மேலும் கீழும் சில அங்குலத்தில் காற்றும் ஈரமும் சேர்ந்தே கிடைப்பதால் பூஞ்சை அங்கே செழிக்கும். கம்பத்தைச் சுற்றிக் காங்கிரீட் ஊற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்பது பரவலான நினைப்பு. மரம் காய்ந்து சுருங்கும்போது காங்கிரீட்டுக்கும் அதற்கும் இடையில் மயிரிழை இடைவெளி விழும். மழைத்தண்ணீர் அதில் இறங்கும். அடியிலும் காங்கிரீட் மூடியிருந்தால் கம்பம் டம்ளருக்குள் நிற்கிற மாதிரிதான்.

கட்டாயம் மரக்கம்பம்தான் என்றால் குழியின் அடியில் அரையடி 20 மி.மீ. ஜல்லி போட்டு, கம்பத்தின் அடி ஜல்லியில் உட்காரும்படி நிறுத்துங்கள். சுற்றி ஊற்றும் காங்கிரீட் மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்ந்து, வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். இதைவிட நல்லது, காங்கிரீட்டில் 'யு' வடிவ ஜி.ஐ. தகட்டைப் பதித்து, கம்பத்தைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி அதில் போல்ட் போடுவது.

எல்லாவற்றையும்விட நல்ல வழி நம் ஊரிலேயே இருக்கிறது: கல்லுக்கால். ஐந்தடி வேலிக்கு ஏழடிக் கல்லை எடுத்து இரண்டடி புதையுங்கள். துளை போட்டு, குறுக்குச் சட்டங்களை 10 மி.மீ. போல்ட்டில் மாட்டுங்கள். கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வாஷர் வைத்துச் சற்று இடைவெளி விட்டால் தண்ணீர் தங்காது. மரம் மண்ணைத் தொடவே வேண்டியதில்லை. (மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றி வளர்க்கும் கிளுவை உயிர்வேலிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. உயிருள்ள மரம் இப்படி அழுகாது. ஆனால் வீட்டு முகப்புக்கு அதை யாரும் கேட்பதில்லை.)

கரிசல் மண்ணானால் குழியை மூன்றடிக்கு இறக்குங்கள். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண், ஆழமில்லாத கம்பத்தைச் சாய்த்துவிடும்.

பலகையைத் தரைவரை இறக்காமல் இரண்டு அங்குலம் விட்டு நிறுத்துங்கள். சாரல் தெறிப்பது குறையும்; செல் மண்கூடு கட்டி ஏறினாலும் கண்ணில் படும். பலகைக்குப் பலகை 5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். நெருக்கி அடித்த காய்ந்த பலகை மழையில் உப்பி ஒன்றையொன்று தள்ளும். இடைவெளியே இல்லாத வேலி ஆடிக்காற்றுக்குப் பாய்மரம் மாதிரி நிற்கும். கம்பத்தின் தலையைச் சரிவாகச் சீவுங்கள், இல்லையென்றால் தகட்டுத் தொப்பி போடுங்கள். வெட்டுமுனை வழியாகத்தான் மரம் அதிகத் தண்ணீர் குடிக்கும். ஆணி, திருகு எல்லாம் 304 தர ஸ்டெயின்லெஸ் ஆகட்டும். சாதா ஆணி துருப்பிடித்து மரத்தில் கறுப்புக் கோடு வடிக்கும். செம்பு மருந்து ஏறிய மரத்தில் இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

பழைய என்ஜின் ஆயில் பூசுவதை விட்டுவிடுங்கள். ஆழமாக இறங்காது, மண்ணும் கெடும், பிறகு எந்தப் பெயிண்டும் ஒட்டாது. பளபளக்கும் வார்னிஷும் வெளிவேலிக்கு வேண்டாம். வெயிலில் வெடித்து, வெடிப்புக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய் வகையே மேல். நிறம் மங்கும்போதெல்லாம் இன்னொரு கை பூசினால் போதும்.

டெக்ஸ்சரை வெறும் அலங்காரம் என்று நினைப்பது

பெயிண்ட் கடையில் டெக்ஸ்சர் என்று விற்பது, அக்ரிலிக் பசையில் மணல் கலந்த பூச்சு. 1.5 முதல் 3 மி.மீ. கனம். இதே பூச்சைத் தெர்மாக்கோல் பலகை, கண்ணாடியிழை வலை இவற்றின் மேல் போடும் முறை ஜெர்மனியில் செங்கல், கல் சுவர்களுக்காக வந்தது. அமெரிக்காவுக்குப் போனபோது மரச்சட்ட வீடுகளின் மேல் ஏறியது. 1990களின் நடுவில் வட கரோலினாவின் வில்மிங்டன் என்ற கடலோர நகரில் அப்படிப்பட்ட வீடுகளைத் திறந்து பார்த்தபோது உள்ளே மரம் அழுகிப்போயிருந்தது. ஜன்னல் ஓரங்களில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. அதன் பிறகுதான் பூச்சுக்குப் பின்னால் வடிகால் இடைவெளி விடும் முறை அங்கே வலியுறுத்தப்பட்டது. நம் செங்கல் சுவர் அழுகாது. ஆனால் கதவு நிலையும் ஜன்னல் சட்டமும் அழுகும், ஓதம் உள்பக்கம் வரும், உப்புப் பூக்கும்.

சிமெண்ட் பூச்சு போட்ட இரண்டாம் வாரமே டெக்ஸ்சர் ஏற்றச் சொல்வது இங்கே அதிகம் நடக்கும் தவறு, கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்ட வீடுகளில் குறிப்பாக. புதுப் பூச்சில் காரம் அதிகம். 28 நாளாவது ஆற வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் போதாது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீனை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவர் தயாரில்லை. உப்பான போர்வெல் தண்ணீரில் க்யூரிங் செய்திருந்தால் உப்பு இன்னும் பூக்கும். அதைத் தேய்த்துவிட்டு மேலே பூசினால் பூச்சு கொப்புளிக்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அடைக்க வேண்டும்.

தண்ணீர் புகும் வாசல்கள் நான்கைந்துதான். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, நுரைக்கயிறு வைத்து பாலியூரிதேன் சீலண்ட் அடைக்க வேண்டும். வெறும் சிமெண்ட்டில் அடைத்தால் வெடிக்கும். சன்ஷேடின் அடியில் தண்ணீர் சொட்டும் பள்ளம் இல்லையென்றால் மழைநீர் அப்படியே திரும்பிச் சுவருக்கு வரும். கைப்பிடிச் சுவரின் தலை மொட்டைமாடிப் பக்கம் சாய்ந்திருக்கட்டும். காங்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் பூச்சுக்கு முன் கோழிவலை அடிக்காவிட்டால் நேர்க்கோட்டில் கீறல் விழும், டெக்ஸ்சர் அதை மறைக்காது. கடைசியாக, டெக்ஸ்சரைத் தரைவரை இழுக்காமல் அரையடி மேலேயே நிறுத்துங்கள்; தோட்ட மண்ணைச் சுவரில் அணைக்காதீர்கள்.

வடக்குச் சுவருக்கும் மரநிழல் விழும் சுவருக்கும் சொரசொரப்பான டிசைன் வேண்டாம். தூசி தங்கி, பாசி பிடித்துக் கறுக்கும். நைசான வகையே அங்கே சரி. பூசும் நேரமும் முக்கியம்: மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலும் எடுத்து, ஒரு மூலையில் தொடங்கினால் அடுத்த மூலை வரை நிறுத்தாமல் போக வேண்டும். பாதியில் சாப்பிடப் போனால் அந்தக் கோடு கடைசிவரை தெரியும்.

வேலியும் சுவரும் சேரும் இடம் இரண்டு வேலைக்காரர்களுக்கு நடுவில் விடுபட்டுப் போகும். வேலி ஆசாரி கடைசிச் சட்டத்தைச் சுவரிலேயே திருகிவிடுவார். அந்தத் துளை வழியே தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் போகும்; மரத்தின் முனையும் ஈரச் சுவரை ஒட்டியே நிற்கும். சுவருக்கு இரண்டு அங்குலம் தள்ளி ஒரு கல்லுக்கால் நட்டு அதிலேயே வேலியை முடித்துவிடச் சொல்லுங்கள்.

ஆனிக் கடைசியில் ஒரு தரம், ஐப்பசி மழைக்கு முன் ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். கம்பம் மண்ணைத் தொடும் இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தக் கம்பத்தை மாற்ற வேண்டும். டெக்ஸ்சரை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று காலியாகக் கேட்கும் இடத்தைச் சாக்பீஸில் வட்டமிட்டு, அதற்கு நேர் மேலே இருக்கும் ஜன்னலையோ கைப்பிடிச் சுவரையோ சரிசெய்த பிறகு பூச்சைத் தொடச் சொல்லுங்கள்.