ஈதருக்குப் பெயர் வைப்பது எப்படி: மெத்தாக்சிஈத்தேன் முதல் கிராம்பு எண்ணெய் வரை

ஈதர் (ஓர் ஆக்சிஜனின் இருபுறமும் கார்பன் தொகுதிகள் இணைந்த சேர்மம்) அமைப்பு ஒன்றைக் கொடுத்து ஐயுபிஏசி (IUPAC, பன்னாட்டு வேதியியல் அமைப்பின் விதிப்படியான) பெயர் கேட்டால், முதலில் ஆக்சிஜன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கார்பன் சங்கிலி அங்கே அறுந்துவிடும். இருபுறமும் உள்ள கார்பன்களைத் தனித்தனியாகத்தான் எண்ண வேண்டும். ஒருபுறம் மெத்தில் (1 கார்பன்), மறுபுறம் எத்தில் (2 கார்பன்) என்றால் மொத்தம் 3 என்று கூட்டி, 'புரொப்பேன்' என்று முடிக்கிறவர்கள் பலர். அடிப்பெயரே அங்கே தவறிவிடுகிறது.

நீளமான பக்கம்தான் தாய்ச் சங்கிலி. அதற்கு ஆல்கேன் பெயர். குட்டையான பக்கம் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு 'ஆல்காக்சி' என்று முன்னால் வரும். ஆகவே மேலே சொன்னது மெத்தாக்சிஈத்தேன். இருபுறமும் எத்தில் என்றால் எத்தாக்சிஈத்தேன். டைஎத்தில் ஈதர் என்ற பழகிய பெயரை நினைத்து 'டைஎத்தாக்சி' என்று எழுதாதீர்கள். அதற்கு இரண்டு ஆக்சிஜன் வேண்டும். பியூட்டாக்சி வரைதான் இந்தச் சுருக்கப் பெயர்கள். 5 கார்பன் வந்தால் பென்டைலாக்சி.

மதிப்பெண் அதிகம் போவது எண்ணிடுவதில்தான். ஆல்காக்சிக்குத் தனிச்சலுகை எதுவும் இல்லை. மெத்தில், குளோரோ போல அதுவும் ஒரு பதிலிதான் (சங்கிலியில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒட்டியிருக்கும் தொகுதி). 6 கார்பன் சங்கிலியில் ஒரு முனையிலிருந்து பார்த்தால் மெத்தில் 2-லும் மெத்தாக்சி 4-லும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையிலிருந்து எண்ணினால் மெத்தாக்சிக்கு 3, மெத்திலுக்கு 5. ஈதர் ஆயிற்றே என்று மெத்தாக்சிக்கு 3 கொடுத்தால் தவறு. 2,4 என்ற தொகுப்பு 3,5-ஐவிடச் சிறியது. சரியான பெயர் 4-மெத்தாக்சி-2-மெத்தில்ஹெக்சேன். இரு திசையிலும் ஒரே எண்கள் வந்தால் மட்டும், பெயரில் முதலில் வரும் பதிலிக்குச் சிறிய எண்.

முதலில் வருவது எது? ஆங்கில எழுத்து வரிசைதான் கணக்கு. தமிழ்வழியில் படிப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். நம் அகரவரிசையில் எத்தாக்சி முந்தும். ஆங்கிலத்தில் குளோரோவுக்குத்தான் முதலிடம். எனவே 1-குளோரோ-2-எத்தாக்சிஈத்தேன். டை, ட்ரை போன்றவற்றை வரிசைக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது.

பென்சீன் வளையம் இருந்தால் வளையமே தாய்: அனிசோல் என்பது மெத்தாக்சிபென்சீன்.

ஈதருக்குப் பின்னொட்டு கிடையாது. அதே மூலக்கூறில் ஹைட்ராக்சில் (OH) தொகுதியும் இருந்தால் பின்னொட்டு அதற்குத்தான் போகும், சிறிய எண்ணும் அதற்கே. நம் குமரி மாவட்டத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மாறாமலைப் பக்கம் விளையும், புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பின் எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால். பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் இருக்கும் கார்பன் 1. அதை அடுத்த 2-ல் மெத்தாக்சி. நேரெதிரே 4-ல் அல்லைல் (ஐயுபிஏசி பெயரில் புரோப்-2-ஈன்-1-யில்). இதை மெத்தாக்சிபென்சீனிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடும். ஹைட்ராக்சில் உள்ள பென்சீனான ஃபீனாலிலிருந்து தொடங்குங்கள்: 2-மெத்தாக்சி-4-(புரோப்-2-ஈன்-1-யில்)ஃபீனால்.