மாரியோ வகைப் பிளாட்ஃபார்ம் விளையாட்டை நால்வராக ஆடி மதிப்பிடும் முறை

பக்கவாட்டில் ஓடிக் குதிக்கும் பிளாட்ஃபார்ம் விளையாட்டு ஒன்று பலர் சேர்ந்து ஆடும்படி அமைந்திருந்தால், அதை இரண்டு விளையாட்டுகளாக எண்ணித் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனியாக ஆடும்போது ஆடுபவருக்கும் பள்ளத்துக்கும் இடையில்தான் கணக்கு. நால்வர் சேர்ந்ததும் அதே பள்ளத்தின் விளிம்பில் மூன்று பேர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். திரை யாரைத் தொடர வேண்டும், விழுந்தவர் எப்படித் திரும்புவார், பாத்திரத்தைப் பெரிதாக்கி வலுவூட்டும் காளான் கிடைத்தால் அது யாருக்கு என்ற கேள்விகள் புதிதாக எழுகின்றன. தனி ஆட்டத்தில் குறையே இல்லாத லெவல் நால்வர் ஆட்டத்தில் ஆட முடியாததாக மாறுவதும், தனியாகச் சலிப்பூட்டிய லெவல் கூட்டத்தில் உயிர்பெறுவதும் இதனால்தான்.

இந்தக் கட்டுரையில் முதன்மை எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது, நின்டெண்டோ தன் வீ (Wii) கருவிக்காக 2009 நவம்பரில் வெளியிட்ட ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ’ (இனி, வீ விளையாட்டு). 1985-இல் வந்த முதல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ இருவருக்கு இடம் கொடுத்தாலும், ஒருவர் ஓர் உயிரை இழந்த பிறகே மற்றவருக்கு முறை வரும். மாரியோ, லூயிஜி, மஞ்சள் டோட், நீல டோட் என நால்வரை ஒரே நேரத்தில் ஒரே திரையில் ஓடவிட்ட 2009-ஆம் ஆண்டு விளையாட்டு, இவ்வகையில் பின்னால் வந்தவற்றை எடைபோட இன்றும் ஏற்ற அளவுகோலாக இருக்கிறது.

முதலில் தனியாக ஆடுங்கள். முதல் லெவலின் தொடக்கத்தில், எதிரி வருவதற்கு முன்னுள்ள சமதரையில், குதிக்கும் பட்டனை ஒருமுறை லேசாகத் தட்டியும் ஒருமுறை அழுத்திப் பிடித்தும் பாருங்கள். இரண்டு குதிப்புகளின் உயரமும் தெளிவாக வேறுபட வேண்டும். 1985-ஆம் ஆண்டு விளையாட்டிலேயே, பட்டனைப் பிடித்திருக்கும் வரை மேலெழும் மாரியோவைக் கீழே இழுக்கும் விசை குறைவாக இருக்கும், கையை எடுத்ததும் கூடிவிடும். முழு வேகத்தில் ஓடிவந்து குதித்தால் நின்று குதிப்பதைவிடச் சற்று உயரமாகவும் அவர் போவார். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிர்த்திசையை அழுத்தி, பாத்திரம் எவ்வளவு தூரம் சறுக்கிய பிறகு திரும்புகிறது என்று கவனியுங்கள். சறுக்கல் இருப்பது குறையல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் சறுக்காமல் இருப்பதுதான் குறை.

அதன் பிறகு விளிம்புக்குச் செல்லுங்கள். விளிம்பைத் தாண்டி ஓரிரு ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப்படம்) கழிந்த பின் பட்டனை அழுத்தினாலும் விளையாட்டு அந்தக் குதிப்பை ஏற்றுக்கொள்கிறதா, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்து, தொட்டவுடன் குதிக்க வைக்கிறதா என்று சோதியுங்கள். 2018-இல் வந்த ‘செலஸ்ட்’ இவ்விரண்டு சலுகைகளையும் தாராளமாகத் தருகிறது. அத்தனை கடினமான விளையாட்டு நியாயமானதாகத் தோன்றுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இந்தச் சோதனையைத் தொடங்குவதற்கு முன் தொலைக்காட்சியை, படம் வரும் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடுக்கு மாற்றிவிடுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடிதான்; படத்தை மெருகேற்றுவதற்காகத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் தாமதம் அதைப்போல் பல மடங்காக இருக்கக்கூடும், அந்தப் பழியை விளையாட்டின்மேல் போடுவது முறையல்ல.

குதிப்பு சரியாக இருந்தால், லெவல்கள் எப்படிக் கற்றுத்தருகின்றன என்று பாருங்கள். முதல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் முதல் லெவலை இன்றும் திரும்ப ஆடிப் பார்ப்பது இதற்கு நல்ல பயிற்சி. திரையின் இடப்பக்கம் மாரியோ வெறுமனே நிற்கிறார். வலப்பக்கம் அவ்வளவு இடம் காலியாக இருப்பதே அங்கே போகச் சொல்கிறது. கூம்பா என்னும் முதல் எதிரி நேராக அவரை நோக்கி வருகிறது, தப்பிக்கக் குதித்தே ஆக வேண்டும். கேள்விக்குறிக் கட்டியை முட்டியதும் வெளிவரும் காளான் வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதித் திரும்பி மாரியோவிடமே வருகிறது. தலைக்கு மேல் கட்டிகள் இருப்பதால் பயந்து குதிப்பவருக்கும் அது பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஓர் எழுத்துகூட இல்லாமல் காளான் நல்லது என்பது புரிந்துவிடும். நீங்கள் மதிப்பிடும் விளையாட்டு இதே வேலையைச் செய்ய எத்தனை முறை ஆட்டத்தை நிறுத்தி, விளக்கப் பெட்டியைத் திரையில் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய பொறி ஒவ்வொன்றும் முதலில் விழுந்தாலும் உயிர் போகாத இடத்தில் அறிமுகமாகி, பிறகே பள்ளத்தின் மேல் வர வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

இனி கூட்டு ஆட்டம். ஒரே லெவலைத் தனியாகவும், இருவராகவும், நால்வராகவும் ஆடுங்கள். நகரும் குறுகிய மேடைகள் உள்ள லெவலைத் தேர்ந்தெடுத்தால் வேறுபாடு உடனே தெரியும். உடன் ஆடுபவர்களில் ஒருவராவது கண்ட்ரோலரை அதிகம் பிடித்திராதவராக இருக்கட்டும். அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் எங்கே திணறுகிறார், எப்போது கண்ட்ரோலரைக் கீழே வைக்கிறார் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்பதே இங்கே முதல் கேள்வி. 2009-ஆம் ஆண்டு விளையாட்டில் மோதும். ஒருவர் தலையில் மற்றவர் மிதித்தால் மிதித்தவர் மேலே எழும்புவார், மிதிபட்டவர் கீழே தள்ளப்படுவார். எட்டாத உயரத்திலுள்ள நட்சத்திர நாணயத்தை எடுக்க அது உதவும், பள்ளத்தின் மேல் நடந்தாலோ ஓர் உயிர் போகும். ஓடும் பட்டனைப் பிடித்தபடி ரிமோட்டைக் குலுக்கினால் பக்கத்தில் நிற்பவரைத் தலைக்கு மேல் தூக்கலாம். அதே குலுக்கல்தான் சுழன்று குதிப்பதற்கும் ப்ரொப்பெல்லர் உடையில் பறப்பதற்கும் உரியது என்பதால், பறக்க நினைத்தவர் தோழரைத் தூக்கிக்கொண்டு நிற்கும் காட்சி அடிக்கடி நேரும். ஒரே அசைவுக்கு இத்தனை வேலைகளைக் கொடுத்ததை நான் வடிவமைப்புக் குறையாகவே கருதுகிறேன், மோதல் இருப்பதை அல்ல. 2023 அக்டோபரில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’ மோதலை நீக்கிவிட்டது. ஒருவரை ஒருவர் ஊடுருவி ஓடலாம், யோஷி என்னும் டைனோசர் பாத்திரத்தின் முதுகில் ஏறுவது மட்டும் உண்டு. சண்டை குறைந்தது உண்மை. ஆனால் ஒருவரின் தோளில் ஏறி இன்னொருவர் உயரத்தை எட்டும் கூட்டு வேலையும் அதோடு பெரும்பாலும் போய்விட்டது, என் பார்வையில் அது பெரிய இழப்பு. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். எதை இழந்து எதைப் பெற்றிருக்கிறது என்பதை மட்டும் வாசகருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

விழுந்தவரின் நிலையை அதைவிட நுணுக்கமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் திறமை குறைந்தவர் கணிசமான நேரத்தை அங்கேதான் கழிக்கிறார். வீ விளையாட்டில் உயிர் போனவர் ஒரு குமிழிக்குள் மிதந்து வருவார், மற்றவர் தொட்டால் குமிழி உடைந்து ஆட்டத்தில் சேர்வார். ஆபத்து வருமுன் ஒரு பட்டனை அழுத்தித் தாமாகவே குமிழிக்குள் போய்விடவும் முடியும். இது கருணையான ஏற்பாடுதான், ஆனால் கடினமான இடம் முழுவதையும் ஒருவர் குமிழிக்குள்ளேயே கடந்துவிடலாம் என்பதால் அவர் எதையும் கற்காமல் லெவலை முடிக்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் குமிழிக்குள் போய்விட்டால் லெவல் தோல்வியில் முடியும் என்ற விதி அதற்குக் கட்டுப்பாடாக இருக்கிறது. ‘ரேமன் லெஜண்ட்ஸ்’ (2013) இதே குமிழி முறையை வைத்துக்கொண்டு உயிர்க் கணக்கை அறவே விட்டுவிட்டது. குழந்தைகளோடு ஆடும்போது இது எவ்வளவு நிம்மதி என்பதை ஆடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். ‘வொண்டர்’ விளையாட்டில் விழுந்தவர் ஆவியாகி, சில நொடிகளுக்குள் தோழர் ஒருவரைத் தொட்டால் மீள்கிறார், இல்லையேல் உயிர் போகிறது. 2010-இல் வந்த ‘டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸ்’ வேறு வழியில் போகிறது: இரண்டாம் ஆட்டக்காரரின் குரங்கான டிட்டி, முதலாமவரின் கொரில்லாவான டாங்கியின் முதுகில் ஏறிக்கொண்டால் கடினமான பகுதியைத் தேர்ந்தவர் கடத்திவிடலாம். ஒவ்வொரு முறையிலும் விழுந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தை மனத்தில் அளந்து பாருங்கள்.

கேமராவுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. வேண்டுமென்றே ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு மற்றவர்கள் முன்னே ஓடுங்கள். பிறகு மேல்நோக்கி ஏறும் லெவலிலும் அதையே செய்யுங்கள். கிடைமட்டத்தில் பின்தங்கியவரைத் திரையின் ஓரம் தள்ளிக்கொண்டு வரும், சுவர் இருந்தால் நசுங்குவார். செங்குத்தான லெவலிலோ கீழே நிற்பவர் நின்ற தரையே திரைக்கு வெளியே போய்விடும். இந்தச் சாவுகளில் ஆடியவரின் பிழை எதுவும் இல்லை. ‘வொண்டர்’ விளையாட்டில் கேமரா யாரைத் தொடர்கிறதோ அவர் தலையில் கிரீடம் தெரியும். எளிய ஏற்பாடு, யாரோடு ஓட வேண்டும் என்ற குழப்பத்தை அது தீர்த்துவிடுகிறது.

ஆற்றல் தரும் பொருள்களை விரைவாகப் பார்த்துவிடலாம்: நால்வர் ஆடினால் கட்டியிலிருந்து நான்கு காளான் வருகிறதா, ஒன்றுதான் வருகிறதா என்பதே முக்கியம். வீ விளையாட்டு ஆளுக்கொன்று தருகிறது, ஆனால் இரண்டை எடுத்து ஓடுபவரைத் தடுப்பதில்லை. ஒருவர் அடிபடும்போதோ ஆற்றல் பெறும்போதோ மற்றவர்களின் ஆட்டமும் கணநேரம் நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். அந்த இடைநிறுத்தம் அடுத்தவரின் குதிப்பைக் கெடுக்கும்.

திறமை வேறுபாட்டுக்கு விளையாட்டு என்ன செய்கிறது என்பதை இரண்டு ஆட்டங்களிலும் தனித்தனியே எழுதுங்கள். வீ விளையாட்டில் ஒரே லெவலில் எட்டு உயிர் போனதும் பச்சைக் கட்டி ஒன்று தோன்றி, லூயிஜி தானாக ஆடி வழிகாட்டுவார். தனி ஆட்டத்தில் மட்டுமே இது உண்டு, உதவி அதிகம் வேண்டிய கூட்டு ஆட்டத்தில் இல்லை. ‘வொண்டர்’ விளையாட்டில் தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய பாத்திரங்களான யோஷிகளையும் நாபிட்டையும் எதிரிகள் தாக்கினாலும் சேதமில்லை, ஆனால் பள்ளத்தில் விழுந்தால் உயிர் போகும்; ஆறு வயதுப் பிள்ளையும் பெரியவரும் ஒரே லெவலை ஒன்றாக முடிக்க இது வழிசெய்கிறது.

இணையவழி ஆட்டம் இருந்தால், அதை ஒரே வீட்டில் சேர்ந்து ஆடும் அனுபவத்தோடு கலக்காமல் தனிப் பத்தியில் வைக்கவும். வீ விளையாட்டில் அது அறவே இல்லை. இருக்கும் விளையாட்டுகளில், இணைப்பு மந்தமாகும்போது எல்லோருடைய ஆட்டமும் சேர்ந்து மந்தமாகிறதா, ஒருவருடையது மட்டும் துள்ளுகிறதா என்று கவனித்து, எந்த வேக இணைப்பில் ஆடினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

மதிப்பீட்டை எழுதும்போது இரண்டு ஆட்டங்களுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனியே தீர்ப்பு எழுதி, எத்தனை பேராக, எந்த வயதினரோடு, எந்தக் கண்ட்ரோலரில், எந்த லெவல் வரை ஆடினீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் இரண்டு கண்ட்ரோலர் மட்டும் இருப்பவர் நால்வர் ஆட்டத்துக்காக மேலும் இரண்டை வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் காட்டிவிடுங்கள்.